நூறு வினாடிக்கு ஓர் அலை

நெரவி கல்யாணசுந்தரிக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று ஊரே பேசியது. கிடைத்தது உண்மைதான். போகத்தான் முடியவில்லை. அவளைப் பிடித்து வைத்திருந்தது அப்பாவும் இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒரு எலெக்ட்ரானிக் போர்டு.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன தடித்த சுவர்க் கட்டடம் ஒன்றில், கடல்மட்டம் அளக்கும் கருவி செய்கிற சின்ன ஆய்வகம். அதில் அவள் டெக்னிகல் அசிஸ்டெண்ட். கடலின் மேலே அலை அவசரமாக வந்து மோதிக்கொண்டிருக்கும். அடியில் மட்டம் பாட்டுக்கு நிதானமாக ஏறி இறங்கும். அவசரத்தைத் தடுத்து நிதானத்தை மட்டும் விடுவது அந்த போர்டின் வேலை. ஃபில்டர் என்பார்கள். அது ஒழுங்காக விடுகிறதா என்று அளந்து சொல்வது கல்யாணசுந்தரியின் வேலை.

வேகமான அலையை அளப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. மெதுவான அலைதான் உயிரை வாங்கும். ஒரே ஓர் அலை ஏறி இறங்க நூறு வினாடி ஆகும். முதலில் வருகிற ஒன்றிரண்டை நம்பவும் கூடாது, போர்டு நிலைக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு வருவதை அளந்துவிட்டு, சோதனைக்காக மின் அலை கொடுக்கும் ஜெனரேட்டரின் டயலை ஒரு துளி திருப்பி, மறுபடி முதலிலிருந்து. நடுவில் கரண்ட் போனால் அன்றைய பாடு அவ்வளவுதான். அலையைத் திரையில் வரைந்து காட்டும் பழைய ஆசிலாஸ்கோப்பில் இது ஒரு புள்ளியாக ஊர்ந்து மறைந்துவிடும் என்பதால், புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகி அதையே ஸ்கோப்பாக்கியிருந்தார்கள். அலை பச்சைக் கோடாகத் திரையில் தங்கிவிடும். எண்பத்தெட்டாம் வருஷத்தில் அதைப் பார்க்கவே பக்கத்து ஆபீஸ்காரர்கள் வந்து வாசலில் தலையை நீட்டுவார்கள்.

அந்தக் கோடுதான் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. மெதுவான அலையை முழுசாக விடவேண்டிய போர்டு அதை விழுங்கியது. டயலை மெதுவாக்க மெதுவாக்க, திரையில் அலை குட்டையாகிக்கொண்டே போனது. ஒரு போர்டு மட்டுமல்ல, அலமாரியில் அடுக்கியிருந்த அத்தனையும் இதே லட்சணம்.

"இந்த போர்டு வெவகாரத்த மட்டும் முடிச்சிக் குடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்பார் ஆய்வகத்துக்குப் பொறுப்பான அதிகாரி வைத்தியலிங்கம். திட்டுகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். இவர் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கெஞ்சுகிற மனுஷர். அவர் கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் பெங்களூரில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சேரவேண்டிய தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. வருகிற திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

போர்டுகளில் பாகங்களைப் பற்றவைத்துச் செய்து தந்தவர் அம்பகரத்தூர் தெட்சிணாமூர்த்தி. தினக்கூலி. ஒவ்வொரு தடவை தோற்றபோதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போர்டை வாங்கிக்கொண்டு போய், கெப்பாசிட்டர் அத்தனையும் மாற்றிக் கொண்டுவந்து வைப்பார். "எங் கையிலதான் மேடம் கோளாறு இருக்கும்" என்பார். கல்யாணசுந்தரிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் கோடு சொல்வதைத்தானே அவள் சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டாள். அங்கிருந்த அமீர் நிஷா, பாலிடெக்னிக்கில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பெங்களூர் வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். லைனில் இரைச்சல் காதைப் பிய்த்தது. கல்யாணசுந்தரி தொண்டை கிழிய நிலைமையைச் சொன்னாள்.

"அடியே, மொதல்ல அந்த ஏசியத் தூக்குடி! ஏசிய வச்சிக்கிட்டு மெதுவான அலைய அளந்தா வெளங்குமா? ஏசிய..." என்று நிஷா கத்தும்போதே லைன் அறுந்துவிட்டது.

கல்யாணசுந்தரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழட்டு ஏசியின் மேல் அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம். ஓடும், நிற்கும், மறுபடி உறுமிக்கொண்டு கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் கோடு ஓர் ஆட்டம் ஆடும். நிஷா அங்கே இருந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டாளே என்று பூரித்துப்போனாள்.

மறுநாள் காலையில் வந்ததும் ஏசியை நிறுத்தினாள். ஃபேன் காற்றும் எதற்கு என்று அதையும் நிறுத்தினாள், சிரத்தைக்கு ஓர் அளவு வேண்டாமா! உப்புக்காற்று வராமல் ஜன்னல் இடுக்கெல்லாம் முன்பே டேப் ஒட்டி அடைத்திருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கதவைத் திறந்து காரியத்தைக் கெடுக்கக்கூடாதென்று, வைத்தியலிங்கமே வெளியே பூட்டி சாவியை எடுத்துக்கொண்டார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். அக்கினி நட்சத்திர வெயில்.

அறை கொஞ்ச நேரத்தில் வெந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. பாதி உயரம்கூடத் தொடாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கியது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தன் வாழ்நாள் முழுக்க இந்த அறையில் இந்தக் குட்டை அலையைப் பார்த்துக்கொண்டே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. கதவைத் தட்டினாள். சாவியோடு போனவர் எங்கேயோ.

ஆத்திரத்தில் போர்டிலிருந்து வயர்களைப் பிடுங்கினாள். ஜெனரேட்டர் வயரை, போர்டு இல்லாமல், நேரே கம்ப்யூட்டரில் செருகினாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏதாவது ஒன்றைப் பிடுங்கி ஏதாவது ஒன்றில் செருகவேண்டும் போலிருந்தது.

அலை அப்போதும் குட்டையாகத்தான் வந்தது.

நடுவில் போர்டே இல்லை. பிறகு விழுங்கியது யார்?

மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்து கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தாள். வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் டிசி, வருவதையெல்லாம் உள்ளே விடும். இன்னொரு பக்கம் தள்ளினால் ஏசி, வேகமாக ஆடுவதை மட்டும் விட்டு மெதுவாக வருவதை வாசலிலேயே கழித்துவிடும். சுவிட்ச் ஏசியில் இருந்தது. பொங்கல் சமயத்தில் வேறு ஒரு கருவியின் இரைச்சலைப் பார்ப்பதற்காக அப்படித் தள்ளியதும் அவளேதான். நிஷா தூக்கச் சொன்ன ஏசி இதுதான்!

சுவிட்சைத் தள்ளிவிட்டு, போர்டைத் திரும்ப மாட்டினாள். அலை ஏறியது, பாதியைத் தாண்டியது, திரையின் உச்சிவரை நிமிர்ந்து நின்று இறங்கியது. போர்டில் ஒரு குறையும் இல்லை. எந்த போர்டிலும் இருந்திருக்காது. அவள் வியர்வையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு தெட்சிணாமூர்த்தி மாற்றி மாற்றி வைத்த கெப்பாசிட்டர்கள் நினைவுக்கு வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பூட்டு திறந்தது. வைத்தியலிங்கம் ஒரு தாளோடு நின்றார். அவருக்குப் பின்னால் தெட்சிணாமூர்த்தி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"போதும்மா, இந்த வேக்காட்டுல கெடந்து சாவாதிங்க. புதுச்சேரி ஹெட் ஆபீஸ்லேருந்து போன் வந்துடுச்சு. போர்டு தேறலன்னா திட்டத்த மூடிடச் சொல்றாங்க. தேறலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். இவரையும் இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்தாங்க, உங்க ரிலீவிங் ஆர்டர். கையெழுத்துப் போட்டாச்சு."

தாளை நீட்டினார். எத்தனை நாளாகக் கேட்டது! திரையில் அலை முழு உயரத்தில் நின்றது; அது அவர் கண்ணுக்கு வெறும் பச்சைக் கோடு. அவள் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினால் போதும், திங்கட்கிழமை பெங்களூர். அவள் நீட்டவும் நீட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது.

"இவரு போர்டுல தப்பில்ல சார். ஸ்கோப்பு சுவிட்ச நாந்தான் ஏசியில வச்சிட்டேன். இத்தன நாளா அளந்ததெல்லாம் தப்பு. போர்டு நல்லாருக்கு, பாருங்க."

தெட்சிணாமூர்த்தி தோளிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வைத்தியலிங்கம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆய்வகத்தையே காப்பாத்திட்டீங்கம்மா! அப்ப எல்லா போர்டையும் மறுபடி அளந்துடுவோம், ஒரு மாசம் ஆனாலும் ஆவட்டும்." தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், திங்கக்கெழம நான்..."

"அவங்க போவட்டும் சார்" என்று தெட்சிணாமூர்த்தி குறுக்கே வந்தார். "நான் அளந்து தர்றேன். பாத்துப் பாத்து எனக்கே அத்துப்படி."

"நீ செஞ்ச போர்ட நீயே அளந்து நல்லாருக்குன்னா, புதுச்சேரியில எவன்யா நம்புவான்?" என்றார் வைத்தியலிங்கம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரலில் கள்ளமே இல்லை. "கைக்கு வந்த ஆர்டர விட்டுட்டு, தப்பு என்னுதுன்னு சொன்னீங்க பாருங்க. உங்க கையெழுத்து இருந்தாதாம்மா நம்புவான். வேற யார நான் உக்கார வைப்பேன்?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். கல்யாணசுந்தரிக்கு அழுகை வந்தது. இரண்டு ஆண்களுக்கு எதிரில் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

"பெங்களூருக்கு ஒரு போன் போடணும் சார்" என்றாள் கடைசியில்.

"தாராளமாப் போடுங்க. நம்ம ஆபீஸ் போன்லயே பேசுங்க" என்றார் அந்த நல்ல மனுஷர்.

தெட்சிணாமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல் அலமாரியைத் திறந்து, முதல் போர்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.