உபதேசியாரின் முப்பத்தோராம் கேள்வி

உபதேசியார் பிலேமோனிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நாற்பது பக்க நோட்டு. பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடு. வேதத்தில் தனக்குப் பிடிபடாத இடங்களையெல்லாம் அதில் எண் போட்டு எழுதி வைத்திருந்தார். காய்க்கும் காலமே இல்லாதபோது காய்க்கவில்லை என்று ஆண்டவர் அத்திமரத்தைச் சபித்தது என்ன நியாயம் என்பது முதல் கேள்வி. மொட்டைத்தலையா என்று எலிசா தீர்க்கதரிசியைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்டனவே, அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்பது ஏழாவது கேள்வி. ஆராதனை முடிந்து அந்த நோட்டும் கையுமாக அவர் வாசலில் நிற்பதைப் பார்த்தால் போதகர் பின்கதவு வழியாக நழுவிவிடுவார். நல்ல மனிதர்தான், வயதில் இளையவர். ஆனால் கரடி விஷயத்தில் அவரிடமும் பதில் இல்லை.

"அத்திமரம் அதுபாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்துது, பாவம். அதை ஏன் இப்படி நோண்டிக்கிட்டே இருக்கீங்க?" என்பாள் மனைவி சுகிர்தம்.

"புரியாததைப் புரிஞ்ச மாதிரி பிரசங்கம் பண்ணச் சொல்றியா?"

"புரிஞ்சதையே இன்னும் செஞ்சு முடிக்கல நாம. அதைப் பாருங்க முதல்ல."

அப்படி அவள் சொன்னால் பிலேமோன் நோட்டை மூடிவிட்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். முப்பத்தாறு வருஷ விசுவாசி, இருபது வருஷ உபதேசியார். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பது, போதகர் ஊரில் இல்லாதபோது பிரசங்கம் செய்வது எல்லாம் அவர் வேலை. சபையில் யார் தடம் புரண்டாலும் போதகருக்கு எழுதித் தெரிவிப்பதும் அவர் வேலைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1981 ஆவணியில் அவர் எழுதிய முப்பத்தோராம் கேள்வி நாகமானைப் பற்றியது. குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியாக்காரன் இனிமேல் கர்த்தரைத் தவிர யாரையும் வணங்க மாட்டேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு விண்ணப்பம் வைக்கிறான். என் ராஜா தன் சாமி ரிம்மோனின் கோயிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டுதான் போவார், அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டிவரும், அந்த ஒன்றைக் கர்த்தர் எனக்கு மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா கூடாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார். அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம்?

இது அத்திமரக் கேள்வி மாதிரி பொழுதுபோகாமல் எழுதியதல்ல. அடி அண்ணாமலையில் இருக்கும் அக்கா பச்சையம்மாளால் வந்த கேள்வி.

தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். தம்பிக்கு ஏழு வயதில் விஷக் காய்ச்சல் வந்தபோது, பிழைத்து எழுந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தம்பி பிழைத்தான். அந்த வருஷமே அக்காவுக்குக் கல்யாணமாயிற்று. தம்பி மிஷன் விடுதியில் சேர்ந்து, படித்து, ஞானஸ்நானம் வாங்கி, சடையன் என்ற பெயரை விட்டு பிலேமோன் ஆனார். அக்காவுக்கு மட்டும் அவர் இன்றும் சடையன். வேண்டுதல் பாக்கி நின்றது. நாற்பத்தைந்து வருஷமாக அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். கண்ணில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, கண்ணாடியோ ஆபரேஷனோ பயன்படாது, தை மாதத்துக்குள் முழுக்க இருட்டாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ கும்பிட வேணாம் சடையா. கையை மட்டும் குடு. மலை கண்ணுக்குத் தெரியறப்பவே ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்" என்றாள்.

வேறு யாராவது என்றால் சரி என்று சொல்லியிருக்கலாம். பிலேமோனால் முடியவில்லை. அதற்குக் காரணம் இருசப்பன்.

இருசப்பன் சபையைச் சேர்ந்தவன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். போன கார்த்திகையில் பெரிய கோயில் தேர் இழுத்தபோது அவன் வடத்தில் கை வைத்து நின்றதை, மாட வீதியில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்த பிலேமோன் தன் கண்ணால் பார்த்தார். அன்றே எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் இருசப்பனுக்கு, ஆராதனையில் அப்பமும் ரசமும் தரும் இராப்போஜனம் இல்லை என்று சபை தீர்மானித்தது. "மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சுங்க. விரலை மடக்க வரல. அவர் கையைத்தான் நான் புடிச்சேன், வடத்தை இல்ல" என்று அவன் கமிட்டியில் சொன்னான். சாக்கு சொல்ல எல்லாருக்கும்தான் தெரியும் என்று பிலேமோன் நினைத்துக்கொண்டார்.

அடுத்தவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா? தெரிந்தால் உபதேசியார் வேலை போகும், மிஷன் வளாகத்து வீடும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். கர்த்தருக்கு முன் எந்த முகத்தோடு நிற்பது?

போதகரைப் பின்கதவிலேயே போய் மடக்கிக் கேட்டார்.

"நாகமான் அன்னைக்குத்தான் விசுவாசிச்சவன் ஐயா. நீங்க உபதேசியார்" என்றார் போதகர். சொல்லிவிட்டு அவரே அந்தப் பதிலில் திருப்தி இல்லாதவர் போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டில் சுகிர்தம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா கீழ விழுந்தா யாருங்க தூக்கறது, போதகரா?" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாள். விடிந்தும் விடியாமலும் பிலேமோன் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போனார். பழக்க தோஷம், வேதாகமமும் கைப்பிரதிகளும் இருந்த பை தோளில் தொங்கியது. செருப்பை அக்கா வீட்டிலேயே விட்டார். அக்கா அவர் முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊர்க் கோயில் வாசலிலிருந்து இருவரும் நடந்தார்கள்.

அக்கா வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் ஒரு பாறை நந்தி மாதிரி இருக்குமே, இருக்குதா என்று கேட்பாள். இருக்குதுக்கா என்பார் இவர். வழியில் ஒவ்வொரு லிங்கக் கோயில் வந்ததும் அவளே கையை விட்டுவிடுவாள். "நீ இங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு தனியாக உள்ளே போவாள். அவள் தடவித் தடவிப் போவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பது பிலேமோனுக்கு எந்தப் பிரசங்கத்தையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு கோயிலில் குருக்கள் அவளைக் கைப்பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டவர், போகிற போக்கில் இவர் நெற்றியிலும் விபூதியைப் பூசிவிட்டார். கண் சரியாகத் தெரியாத அக்காவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"அவனுக்கு வேணாங்க சாமி. அவன் வேற இடம்" என்றாள் குருக்களிடம்.

டவுனைத் தாண்டும்போது பிலேமோன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். மிஷன் வளாகம் இருக்கும் தெருவைப் பார்க்கவே இல்லை. செங்கம் ரோட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தால், எதிரில் இருசப்பனின் சைக்கிள் கடை. ஒரு வெள்ளைக்காரிக்கு வாடகை சைக்கிளின் சீட்டைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்த இருசப்பன் கையில் ஸ்பானரோடு நிமிர்ந்தான். வெறுங்கால், தோளில் வேதாகமப் பை, கையைப் பிடித்துக்கொண்டு திருநீறு பூசிய அக்கா. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டான்.

பிலேமோனின் கால் நின்றுவிட்டது. "யார்டா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். "எங்க சபை ஆளுக்கா" என்றார். உடனே அவள் நெருப்பைத் தொட்டவள்போல அவர் கையை விட்டுவிட்டாள்.

"நான்தாங்க இட்டாந்தேன். அவன் எங்கயும் கும்பிடல. உள்ளயே வரல" என்றாள், இருசப்பன் நிற்கும் திசையைத் தோராயமாகப் பார்த்து.

இருசப்பன் கடைக்குள் போனான். போதகருக்குச் சொல்ல ஆள் அனுப்பப் போகிறான் என்றுதான் பிலேமோன் நினைத்தார். அதற்கு அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தான். அக்கா குடிக்கும்வரை பக்கத்தில் நின்றான். பிறகு அவள் கையை எடுத்து பிலேமோனின் கைமேல் வைத்தான்.

"கையை விடாதீங்கம்மா. ரோட்ல பள்ளம் ஜாஸ்தி" என்றான். பிலேமோன் பக்கம் திரும்பவில்லை. வேலைக்குப் போய்விட்டான்.

பிலேமோன் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து அக்காவை நடத்திக்கொண்டு போனார்.

சுற்று முடிகிற இடம், தொடங்கிய அடி அண்ணாமலைக் கோயில்தான். வாசலில் வழக்கம்போல அக்கா கையை விட்டாள். எட்டு மைல் நடந்த கால். முதல் படியிலேயே தடுக்கியது. பிலேமோன் பாய்ந்து தாங்கினார். இந்தத் தடவை அவள் நில்லு என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கூடவே உள்ளே போனார். கற்பூரம் காட்டினார்கள். அக்கா குனிந்தாள். முழங்கால் மடங்கவில்லை, முழு பாரமும் இவர் கையில் இறங்கியது. தாங்கவேண்டுமானால் இவரும் குனியத்தான் வேண்டும். குனிந்தார். கர்த்தாவே, இந்த ஒன்றை எனக்கு மன்னியும் என்று மனசுக்குள் சொன்னார். முப்பத்தாறு வருஷத்தில் அவ்வளவு உண்மையாக அவர் ஜெபித்ததில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"என் கூட நீயும் குனிஞ்சியா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"உன் சாமி கோச்சுக்குவாரா?"

"தெரியலக்கா. அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் கண்ணாலம் உங்க கோயில்ல நடந்துதே, நெனப்பு இருக்குதா? ஜெபம்னு சொன்னதும் எல்லாரும் முட்டி போட்டாங்க. பொண்ணு பக்கம் அத்தினி ஜனம். உன் பக்கம் நான் ஒருத்திதான். நீ திரும்பி என்னைப் பாத்தே. தாயில்லாப் புள்ள, உனக்குன்னு யாரும் இல்லாதது மாதிரி தெரியக் கூடாதேன்னு நானும் முட்டி போட்டேன்."

பிலேமோனுக்கு நினைவிருந்தது. அன்று அக்கா மனம் திரும்பிவிட்டாள் என்று நினைத்து ஸ்தோத்திரம் பண்ணியதும் நினைவிருந்தது.

"மொத நாளே அண்ணாமலையார்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன். நாளைக்கு என் தம்பிக்காக அந்தக் கோயில்ல தலை குனிய வேண்டி வரும், அதை நீ மனசுல வெச்சுக்கக் கூடாதுன்னு."

"அவர் என்னக்கா சொன்னார்?"

"இன்னா சொல்வாரு? போய்ட்டு வான்னாரு." அக்கா எழுந்திருக்கக் கை நீட்டினாள். "உன் சாமிகிட்டயும் நானே ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு அவர் அவ்ளோ பழக்கம் இல்ல. நீ சொல்லிடு."

பிலேமோனுக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல, மறைக்கத் தோன்றவில்லை.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளில் திரும்பினார். இன்றைய விஷயத்தைப் போதகரிடம் தானே எழுதிக் கொடுத்துவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டார். ஆனால் அதற்கு முன் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. செங்கம் ரோட்டில் இருசப்பன் கடைமுன் இறங்கி, சைக்கிளை நிறுத்தினார்.

"காத்து கம்மியா இருக்குதா?" என்று பம்பை எடுத்தான் இருசப்பன்.

"இல்லப்பா. உன் மாமனார் எப்படி இருக்கார்னு கேக்க வந்தேன்."

இருசப்பன் பம்பைக் கீழே வைத்தான்.

"பங்குனியில செத்துட்டாருங்க. கீழ்பென்னாத்தூர்லயே அடக்கம் பண்ணிட்டோம். கடைசி வரைக்கும் தேர் இழுத்ததையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"எனக்குத் தெரியாமப் போச்சே இருசப்பா."

"நீங்க கேக்கலியே" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கேட்க இத்தனை நாளாயிற்றே என்கிற குரலில் சொன்னான்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றார் பிலேமோன். "என்னை மன்னிச்சுடு."

இருசப்பன் அவரைப் பார்த்தான். செருப்பில்லாமல் எட்டு மைல் நடந்து கொப்புளித்த கால்களைப் பார்த்தான். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, அவர் பக்கம் தள்ளினான்.

"குந்துங்க உபதேசியாரே" என்றான். "டீ சொல்றேன்."