இரண்டு புள்ளி நான்கு புள்ளி பூஜ்யம்

ஃபுகுமா யோரிகோ முதல் தட்டைக் காலி செய்து, மிஞ்சிய சாற்றை இரண்டாம் தட்டு நூடுல்ஸின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது நோட்சுவின் போன் முதல் தடவை அதிர்ந்தது. மாட்சுவே நகரத்தில் இந்தச் சாப்பாடு மூன்று வட்டத் தட்டுகளாக அடுக்கித்தான் வரும். நோட்சுவும் தன் பேச்சை அதற்கேற்ப மூன்றாகப் பிரித்துவைத்திருந்தான். முதல் தட்டுக்கு மழை. இரண்டாவதற்கு அவள் அனுப்பிய திருத்தத்துக்குப் பாராட்டு. மூன்றாவதில்தான் விஷயமே: பொதியை இனி நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?

பொதி என்றால் ரூபி என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல். பேரரசர் பெயரில் எண்ணும் ஜப்பானிய ஆண்டைக் கொடுத்தால் சாதாரண ஆண்டைச் சொல்லும். அவ்வளவுதான். மருத்துவமனை, மழலையர் பள்ளி, தகன மேடை எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருந்தது. நோட்சு பதினோரு வருடமாகத் தனி ஆளாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தேனிலவில் இரண்டு பதிப்பு வெளியிட்டான். விவாகரத்து நடந்த வாரத்தில் ஒன்று. உதவ வருகிறேன் என்று இத்தனை காலத்தில் எழுதிய ஒரே ஜீவன், இஸுமோ நகர அலுவலகத்தில் வேலை பார்க்கும் இந்தப் பெண். முதலாம் ஆண்டை ‘ஒன்று’ என்று எழுதாமல் பழைய வழக்கப்படி எழுதினாலும் புரிந்துகொள்கிற மாதிரி ஒரு புதுக் கோப்பு எழுதி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அலுவலக வலையில் திறக்காது என்பதால் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தாள். அதைச் சேர்த்து, மாற்றக் குறிப்பில் அவள் பெயரைப் போட்டு, இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு 2.4.0 பதிப்பை அனுப்பிவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தான். ஒரு மாதிரி சீதனம்.

போன் மறுபடி அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை.

"நோட்சு-சான், எடுங்களேன். மேசையே ஆடுது."

"நன்றி சொல்றாங்க போல. இருக்கட்டும்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் சொல்லியிருக்காங்க?"

"ஒருத்தர். அவரும் வேற யாருக்கோ அனுப்பவேண்டியதை எனக்கு அனுப்பிட்டாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவள் போனும் அடித்தது. எடுத்தவள் எழுந்து நின்றாள். கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "ஆமா சார்... ஆமா, என் பேர்தான்... கவுன்டர் மூணுமேவா?... மன்னிச்சிக்கோங்க." உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"எங்க ஆபீஸ்ல பிறப்புப் பதிவு நின்னுபோச்சாம். என் ஃபைலைத் தேடுதாம், கிடைக்கலையாம். நோட்சு-சான், அது உள்ள இருக்குல்ல?"

"இருக்கே. என் கம்ப்யூட்டர்ல ஓடிச்சே."

"அப்ப உங்க கம்ப்யூட்டரையே எல்லாருக்கும் அனுப்பிவச்சிடுங்க."

அவன் தட்டுகளைத் தள்ளி மடிக்கணினியைத் திறந்தான். பொதிக்குள் எவையெவை போகவேண்டும் என்பதைக் கிட்டின் பதிவேட்டைக் கேட்டு முடிவு செய்கிற வரி, பதினோரு வருடத்துக்கு முன் அவனே பெருமையோடு எழுதியது. பதிவேட்டில் ஏற்றாத கோப்பு, கிட்டைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. பழைய கோப்புகளில் செய்த மாற்றங்களை மொத்தமாக ஏற்றும் கட்டளையை வழக்கம்போலத் தட்டியிருந்தான். புதுக் கோப்பைத் தனியாகச் சொல்லி ஏற்றவேண்டும். கடைசியாகப் புதுக் கோப்பு சேர்த்து நான்கு வருடம் ஆகிவிட்டதால் கை மறந்துவிட்டது. சரிபார்க்கும் இயந்திரம் எச்சரித்துத்தான் இருந்தது. ஆனால் வேறு ஏதோ காரணத்துக்காக அது இரண்டு வருடமாகவே எச்சரித்துக்கொண்டிருந்தது. பதிவேட்டில் ஏறாதது என்று திரையில் சிவப்பில் ஒரே ஒரு வரி: அவளுடைய கோப்பின் பெயர்.

அவள் அதற்குள் அவன் போனுக்கு வந்திருந்த நாற்பத்து மூன்று கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். "‘யாருய்யா இந்த ஃபுகுமா’ன்னு கேட்டிருக்காரு ஒருத்தர். இன்னொருத்தர் நம்மூர்க்காரர் போல, மரியாதையா திட்டியிருக்காரு."

"தப்பு என்னோடதுன்னு எழுதிடறேன்."

"எழுதுங்க. யார் படிக்கப்போறா? என் பேரை எடுத்துடுங்க."

"புதுப் பதிப்புல உங்க ஃபைல் சரியா..."

"ஃபைல் இருக்கட்டும். பேர் வேண்டாம்."

2.4.0 திரும்பப் பெறப்பட்டது. அந்த எண்ணை இனி எதற்கும் வைக்கமுடியாது, அதுதான் விதி. அவன் கோப்பை ஏற்றினான், பெயரை எடுத்தான், 2.4.1 என்று அனுப்பினான். ஏற்றியவர் என்ற இடத்தில், மின்னஞ்சலில் வந்த கோப்பு என்பதால், இயந்திரம் நோட்சு என்றே எழுதிக்கொண்டது. நிமிர்ந்தபோது அவள் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். ஆபீசுக்குப் போய் மூன்று கவுன்டரிலும் மன்னிப்புக் கேட்கவேண்டும், ஒன்று பத்து ரயிலைப் பிடிக்கவேண்டும் என்றாள். நன்றாக இருந்தது என்று சாப்பாட்டைச் சொல்லி, அளவாகக் குனிந்து, போனாள்.

போன் அடங்கிவிட்டது. எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஓடுகிறது என்று எழுத யாருக்கும் தோன்றாது.

கடைக்கார அம்மா வந்தாள். "அவங்க திரும்பி வருவாங்களா? தட்டை எடுத்துடவா?"

"இருக்கட்டும்மா."

யோரிகோ விட்டுப்போன இரண்டாம் தட்டில் சாறு கொஞ்சம் இருந்தது. அவன் அதை எடுத்து, யாரும் தொடாத மூன்றாம் தட்டின் மேல் கவனமாக ஊற்றினான். நூடுல்ஸ் மெல்லக் கறுத்தது. மடிக்கணினியில், பொதிக்கு இரண்டாவது உரிமையாளரைச் சேர்க்கும் கட்டளை காலையிலேயே தட்டிவைத்தபடி, இன்னும் அனுப்பாமல் கிடந்தது. அவள் முகவரியின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.