வாளியில் இரண்டு மீன்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஒரு லிப்டைப் பழுது பார்த்தால், தானே பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்க்காமல் வேறு யாரையும் அதில் ஏற விடமாட்டார். அந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் எனக்கென்ன? வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதே!

கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அப்பனுக்கும் பிள்ளைக்கும் பல வருஷத்து ஆசை. பாறை, பவளம், அலை எல்லாம் உள்ள தொட்டி. இப்போது, அப்போது என்று இழுத்தடித்து, பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து டிக்கெட்டும் போட்ட பிறகுதான் தொட்டி வீட்டுக்கு வந்தது. கூடத்தில் இருந்த சோபா படுக்கையறைக்குப் போனது. இருவரும் தண்ணீரை வடிகட்டி, உப்பைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, விளக்கை மாட்டினார்கள். தரையைத் துடைத்தது மட்டும் நான்.

எல்லாம் தயார். மீன் எங்கே என்றால், "தண்ணி பழகணும்" என்றார். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா பாறையில் குடியேறினால்தான் மீனின் கழிவு விஷமாகாதாம். தினமும் குட்டிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விடுவார். மஞ்சளானால் நல்ல தண்ணீர், பச்சையானால் விஷம். தினமும் பச்சைதான்.

"அப்பா, ஒரே ஒரு ஜோடி வாங்குவோம்ப்பா. நான் போறதுக்குள்ள அது நீந்துறத உங்ககூட உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான்."

"செத்துப் போயிடும்டா. கொஞ்சம் பொறு."

"நீங்க பொறுத்துக்கிட்டே இருங்க. நான் ப்ளைட் ஏறிடுவேன்."

"புள்ள ஆசையாக் கேக்குறான். வாங்கிக் குடுத்தா குடியா முழுகிடும்?" என்று நானும் சண்டை போட்டேன். மனுஷன் மசியவில்லை.

பையன் கிளம்பும் நாள் காலையில் குப்பி மஞ்சளானது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு ஓடினார். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, கடையைத் திறக்க வைத்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடியோடு வந்து சேர்ந்தார். பையனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிய கம்பெனி வண்டி இன்னும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்படியே தொட்டியில் விட்டுத் தொலைக்கக் கூடாதா? கடைத் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறாம். சட்டென்று மாற்றினால் மீன் தாங்காதாம். மீன்களை வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய குழாயை இறக்கி, நுனியை விரலால் நசுக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பையன் பக்கத்தில் குத்தவைத்து எட்டிப் பார்த்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டு முதுகுதான் தெரிந்தது.

வாசலில் ஹார்ன் அடித்தது. கூட வேலைக்குச் சேரும் பையன்கள் வண்டியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்பப் போக எங்களுக்கு இடமில்லை.

"போதும்ப்பா. உள்ள விட்டுடுங்க."

"இதோ ஆச்சுடா. இன்னும் கொஞ்ச நேரம்."

மறுபடி ஹார்ன். பையன் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு அவர் தோளில் கை வைத்து, "வரேம்ப்பா" என்றான். குழாயிலிருந்து விரலை எடுத்தால் தண்ணீர் கொட்டிவிடுமே என்று மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார், வாளியைப் பார்த்தபடியே.

நான் மட்டும் வாசலுக்குப் போனேன். வண்டியில் ஏறும்வரை பையன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றுதான் உள்ளே வந்தேன். மீன்கள் தொட்டிக்குள் போயிருந்தன. சும்மா சொல்லக் கூடாது, கொள்ளை அழகு. பாறையை ஒன்று சுற்றினால் இன்னொன்றும் பின்னாலேயே சுற்றியது. அவர் தொட்டிப் பக்கம் திரும்பாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போய்ட்டானா?"

"போய்ட்டான்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செத்தா செத்துட்டுப் போகுதுன்னு கவுத்து விட்டிருக்கணும்டி" என்றார். "புள்ள பாத்துட்டாவது போயிருப்பான்."