ஒத்துக்கொண்டவன்

மற்ற நாளில் பேண்ட் போட்டு மினுக்குகிற பையன்களெல்லாம் பரீட்சை நாளில் வேட்டிக்கு மாறிவிடுவார்கள். கேட்டால், வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கிறதாம். சிதம்பரத்துப் பங்குனி வெயில் இப்படி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. வேட்டி மடிப்புக்குள் எவ்வளவு பாடத்தை மடித்து வைக்கலாம் என்பது ஹாஸ்டலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் சிநேகிதம். பிட் கொண்டுபோனால் தைரியம். மாட்டிக்கொண்டால்தான் தப்பு. அறுபத்து மூன்றாம் வருஷத்தில் அந்த ஹாஸ்டல் பையன்கள் வைத்திருந்த நியாயம் இவ்வளவுதான்.

கீரப்பாளையம் கலியமூர்த்தியின் மகன் சுப்பராயலுவும் அந்த நியாயத்தில் வளர்ந்தவன்தான். பி.ஏ. கடைசி வருஷம். மகன் பாஸ் செய்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் நாற்காலியில் உட்காரப்போகிறான் என்று கலியமூர்த்தி வண்டிக்காரன், உரக்கடைக்காரன் ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருந்தார். பையனுக்கோ பொருளாதாரம் மண்டையில் ஏறவே இல்லை. ஏறாததை எறும்பு எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் இறக்கி, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போனான்.

அவனுக்கு முன் பெஞ்சில் பஞ்சநாதன். ஒரே அறையில் மூன்று வருஷம் ஒன்றாகக் கிடந்தவர்கள். பஞ்சநாதன் கடலூர் முதுநகருக்குக் கிழக்கே, உப்பங்கழி தாண்டியிருந்த மீனவர் குப்பத்துப் பையன். அந்தக் குப்பத்திலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள். படிப்பில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. ஆனால் உருப்போட்டு உருப்போட்டு எல்லாவற்றையும் தொண்டைக்குள் வைத்திருப்பான். பிட் கிட் என்று எதற்கும் போகாதவன். பயத்தினால் இல்லை, அவனுக்கு அது தேவைப்படவில்லை.

சுப்பராயலு எழுதவேண்டியதைப் பார்த்து எழுதிவிட்டான். காகிதத்தை மறுபடி மடிப்பில் வைக்கப்போன நேரம் சூப்பர்வைசர் திரும்பினார். கை தானாகக் காகிதத்தைக் கீழே விட்டது. கால் தானாக அதை முன்னால் தள்ளியது. கை, கால் என்று பழி போடுகிறோமே, தள்ளினது அவன்தான். காகிதம் போய் பஞ்சநாதன் பெஞ்சுக்கு அடியில் நின்றது.

சூப்பர்வைசர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். பஞ்சநாதன் காகிதத்தைப் பார்த்தான். அந்த எறும்பு எழுத்தை மூன்று வருஷமாகப் பார்க்கிறவன். திரும்பி சுப்பராயலுவின் முகத்தைப் பார்த்தான். அது வெளுத்துக் கிடந்தது. எழுந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"என்னுதுதான் சார். தப்பு பண்ணிட்டேன்."

ஒத்துக்கொண்டுவிட்டவனிடம் அதற்கு மேல் யார் விசாரிக்கப்போகிறார்கள், எழுத்தை யார் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள்? எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

சாயங்காலம் அறைக்கு வந்த சுப்பராயலுவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. பஞ்சநாதனோ கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தான். எதுக்குடா அப்படிச் சொன்னே என்று சுப்பராயலு கேட்டதற்கு, அவன் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான். கடலில் ஒரு படகு இன்னொரு படகின் வலையை அறுத்துவிட்டால், அறுத்த படகில் போன எல்லோரும் பஞ்சாயத்தில் வந்து நிற்கவேண்டியதில்லை. யாராவது ஒருவன் எழுந்து எங்க தப்புதான் என்று சொல்லி, அம்மன் கோயில் முன்னால் விழுந்து எழுந்தால் போதும். ஒரு தண்டம் போடுவார்கள். கட்டியானதும் விஷயம் அதோடு சரி. அப்புறம் அதைப் பற்றி ஊரில் எவனும் வாயைத் திறக்கக்கூடாது. இல்லை இல்லை என்று சாதிக்கிறவனைத்தான் ஊரைவிட்டுத் தள்ளி வைப்பார்கள்.

"நீ எழுந்து நின்னா ஒங்கப்பா ஒன்ன வெட்டிப் போட்டுடுவாரு மச்சான். நமக்கு என்ன, ஒத்துகிட்டாச்சி, அபராதம் போடுவாங்க. ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டிடலாம்" என்றான்.

படித்த பையன்தான். ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த நியாயம் அது. உலகம் பூராவும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். காலேஜில் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களா? அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே அவன் கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது. மறுநாள் காலையில் ஹாலுக்குள் விடவில்லை. மீதிப் பரீட்சைகள் எழுதக்கூடாது, விசாரணைக்குக் கூப்பிடும்போது வரவேண்டும், இரண்டு வருஷம் தள்ளிவைப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"தப்புன்னு ஒத்துகிட்டேனேடா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான் பஞ்சநாதன். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியான வண்டிக்குப் போய்விட்டான்.

சுப்பராயலு மீதிப் பரீட்சைகளை எழுதினான். நன்றாகவே எழுதினான் என்பதுதான் வெட்கக்கேடு. சாப்பாட்டுக் கூடத்தில் பையன்கள் பேசிக்கொண்டார்கள். பாவம் மாட்டிக்கிட்டான் என்றான் ஒருவன். மீன் பிடிக்கிற வீட்டுப் பையனுக்குப் படிப்பு எப்படி வரும், பிட்தான் வரும் என்றான் இன்னொருவன். அப்படிச் சொன்னவன் மடிப்பில் அன்றைக்கும் இரண்டு பிட் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சுப்பராயலுவும் கொஞ்சம் சிரித்து வைத்தான். சிரித்த வாய்க்குள் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு, தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் நின்றான். அடித்துக்கொள்ளவில்லை. மறுநாள் பரீட்சை இருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குள் உண்மை தெரிந்தால் பஞ்சநாதன் செப்டம்பரிலேயே பரீட்சை எழுதிவிடலாம். தெரியாவிட்டால் இரண்டு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் வலை இழுத்த கை மறுபடி பேனா பிடிக்குமா? அதற்குள் கல்யாணம், குழந்தை, படகு என்று ஆகிவிடும். படிப்பு அதோடு முடிந்தது என்று சுப்பராயலுவுக்கு நன்றாகத் தெரியும்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் சுப்பராயலு ரயிலேறி முதுநகரில் இறங்கினான். பஞ்சநாதனிடமும் அவன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். நாளைக்கு விசாரணையில் பஞ்சநாதன் மனசு மாறி உண்மையைச் சொல்லிவிடுவானா என்று தெரிந்துகொள்ளத்தான் போனான். பாதி வழியில், உப்பங்கழி ஓடத்தில் உட்கார்ந்திருந்தபோது அது அவனுக்கே புரிந்தது. புரிந்தும் திரும்பவில்லை.

குப்பத்தில் அம்மன் கோயில் முன்னால், மணலில், ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் பஞ்சநாதன் நின்றுகொண்டிருந்தான். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். காலேஜில் போய் ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டு வந்தான் என்று பஞ்சநாதனைப் பஞ்சாயத்தில் நிறுத்தியிருந்தார்கள். என்ன சொல்றே என்று நாட்டார் கேட்டார். பஞ்சநாதன் கோயிலைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து, எந் தப்புதான் என்றான். ஒரு மண்டலத்துக்குக் கோயில் விளக்குக்கு அவன் வீட்டு எண்ணெய் என்று தண்டம் போட்டார்கள். முடிந்தது. நாட்டார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். இனிமேல் இதை எடுத்துப் பேசுகிறவனுக்கும் தண்டம் உண்டு என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பஞ்சநாதன் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்கள். ஒருவன் பீடி நீட்டினான். யாரோ அவனைப் பார்த்து எதற்கோ கேலி செய்தார்கள், அவனும் பதில் சொன்னான்.

சுப்பராயலுவுக்குத் தாங்கவில்லை. இவ்வளவுதானா, விழுந்து எழுந்தால் இவ்வளவு லேசாகிவிடுமா என்று ஒரு பேராசை வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றான்.

"அந்தக் காகிதம் என்னுது. அவன் எழுதல. நான்தான்" என்றான். விழவும் போனான்.

நாட்டார் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். கூட்டம் முணுமுணுத்தது. முடிந்ததைப் பேசிவிட்டான், தண்டம் உண்டா என்று ஒருவர் கேட்டார். வெளியூர்ப் பையன், வழக்கம் தெரியாது, அவனுக்குத் தண்டம் கிடையாது என்று நாட்டார் சொல்லிவிட்டார். எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். அவன் ஒத்துக்கொண்டதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

ஒரே ஒருத்தி மட்டும் போகவில்லை. பஞ்சநாதனின் அம்மா வேலம்மாள். கூடையைத் தூக்கி முதுநகர் தெருவெல்லாம் மீன் விற்று மகனைப் படிக்க வைத்தவள். மகனையும் சுப்பராயலுவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெத்தவகிட்டக்கூட இவன் சொல்லலியே என்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுப்பராயலு காத்திருந்தான். அவள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். குழம்பில் கிடந்த பெரிய துண்டத்தை அவன் தட்டில் வைத்தாள். அதை விழுங்குவதற்குள் அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. காரம் ஜாஸ்தியா என்று கேட்டுவிட்டு மோரை நகர்த்தினாள். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"இவன் அம்மன் முன்னாடி விழுந்து எந் தப்புன்னு சொல்லிட்டான். இனிமே அவன் வாயால மாத்திச் சொல்லமாட்டான் ராசா, சாமிகிட்டப் பொய் சொன்னதா ஆயிடும். நாளைக்கு அங்க நீ சொல்லுவியா?"

"சொல்றேம்மா. சத்தியமா சொல்றேன்" என்றான் சுப்பராயலு. அந்த நேரத்தில் அதில் பொய் இல்லை.

மறுநாள் காலை வண்டியில் இரண்டு பேரும் சிதம்பரம் போனார்கள். பஞ்சநாதனை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். அவன் நண்பன் ஏதோ சொல்லவேண்டுமாம் என்று பியூன் போய்ச் சொன்னதும் சுப்பராயலுவைக் கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயசானவர், முகத்தில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். அவர் உட்காரச் சொன்னார். ஊர், பேர் கேட்டார். பரீட்சையெல்லாம் எப்படி எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றான். சந்தோஷம், நல்லா வருவே என்றார். அந்த ஒரு வார்த்தையில் கீரப்பாளையமும், அப்பாவும், மஞ்சக்குப்பத்து நாற்காலியும் வரிசையாக வந்து அவன் நாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டன. என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார்.

சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் வேறு எதையோ சொன்னது.

"பஞ்சநாதன் நல்ல பையன் சார். ஏதோ தெரியாம செஞ்சுட்டான். ஐயா பாத்து மன்னிக்கணும்."

இதுவரை அவன் ஊமையாக இருந்தான், அவ்வளவுதான். இப்போது, செய்தது பஞ்சநாதன்தான் என்று சாட்சியே சொல்லியாகிவிட்டது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு நல்ல நண்பன் பக்கத்தில் இருந்தும் அந்தப் பையன் கெட்டுப்போனானே என்று மற்ற இருவரிடமும் வருத்தமாகச் சொன்னார். விதிப்படி இரண்டு வருஷம், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். இன்னும் கதவைக்கூடத் தாண்டவில்லை. சுப்பராயலு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

பஞ்சநாதன் மரத்தடியில் நின்றிருந்தான். இவன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் சுப்பராயலு அவன் திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தான். திட்டினால் தேவலையாக இருந்திருக்கும். முடிந்ததைப் பேசக்கூடாது என்பது அவன் ஊர் வழக்கம். அவன் பேசாமலே வந்தான். சுப்பராயலுதான் கடைசியில் பொறுக்க முடியாமல், என்னால முடியலடா என்று அழுதான்.

பஞ்சநாதன் அவனை அழவிட்டான். டிக்கெட் வாங்கி வந்தான். கடலூர் வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினான்.

"எங்கம்மா இன்னிக்கு யாவாரத்துக்குப் போவாம வாசல்லயே ஒக்காந்திருக்கும். நீ உள்ள போயி எல்லாத்தையும் சொன்னே, அவுங்கதான் நம்பலன்னு சொல்லிடறேன். எப்பனா அம்மாவப் பாத்தா நீயும் அப்படியே சொல்லு மச்சான். ஒனக்குச் சோறு போட்டிருக்கு அது. மனசு ஒடஞ்சிடும்."

வண்டி நகர்ந்தது. சுப்பராயலு கூடவே இரண்டு எட்டு நடந்தான்.

"சரிடா" என்றான்.