தட்டில் ஊர்ந்த ரூபாய்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு நிக்கல் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், மறுக்க முடியவில்லை.

'நிக்கல் வெண்மையான, கெட்டியான உலோகம். எளிதில் துருப்பிடிக்காது. சைக்கிள் பாகங்களுக்கு முலாம் பூசலாம், நாணயம் அடிக்கலாம். சிலர் தோலுக்கு ஆகாது. கடிகாரக் கொக்கி பட்ட இடம் தடித்து அரிக்கும். அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். இரும்பைப் போலவே காந்தம் இதையும் இழுக்கும்.'

கடைசி வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ருக்கியாம்மா, தன் கடைசிக் காலத்தில் என்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது. வாத்தியாரான என்னை மலையாள வழக்கில் 'மாஷே' என்றுதான் கூப்பிடுவார்.

2

'1954இல் மீனாட்சிபுரத்தில் ஒரு பேய்—'

வேண்டாம். பேய் என்று எழுதினால் நீங்கள் பயப்படத் தயாராகிவிடுவீர்கள்.

குருசாமியின் தொழுவத்தில் ஒரே மாதத்தில் மூன்று கறவை மாடுகள் நுரை தள்ளிச் செத்தன. மாடுகளைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி கமலாத்தாள். தோட்டத்தில் பாதி அவள் பங்கு. விஷம் வைத்தது அவள்தான் என்றார் குருசாமி. அதை நிரூபிக்கச் சென்னிமலை என்ற குறிகாரனை அழைத்து வந்தார்.

(முதல் வரைவில் அவனை ஒற்றைக் கண்ணனாக்கியிருந்தேன். பொய். தலையைப் படியச் சீவி, மரியாதையாகப் பேசுகிற ஆள்.)

3

நண்பகல். தொழுவத்தின் முன் ஊர் கூடியிருந்தது. சென்னிமலை சம்மணமிட்டு, துண்டு போர்த்திய இடது கையில் பித்தளைத் தட்டை ஏந்தினான்.

"புது ரூபா ஒண்ணு குடுங்க. இந்த ஊட்டுக் காசு வேண்டாமுங்க."

அப்போது இளவயதுக்காரியாக இருந்த ருக்கியா கொடுத்தாள். அன்றைய ரூபாய் சுத்த நிக்கல்.*

காசு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு யாரும் தொடாமலே ஊர்ந்து, கமலாத்தாள் நின்ற பக்கம் போய் நின்றது. அவளை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னான். காசும் அங்கே போனது.

"மூணும் என் கையில புண்ணாக்குத் தின்ன சீவனுங்க. நானில்லீங்க," என்றாள் கமலாத்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஊட்ட உட்டுப் போயிரோணும்," என்றார் குருசாமி.

* பழைய வெள்ளி ரூபாயைக் காந்தம் இழுக்காது.

4

ருக்கியா தன் காசை எடுக்கக் குனிந்தாள். "எடுத்தா வரல, மாஷே. அடியில இருந்து யாரோ புடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

அதை அவள் வெளியே சொல்லாமல், காசைப் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். சுருக்குப் பையிலிருந்து ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இதையும் ஒருக்கா பாருங்க. சத்தியம் எல்லாக் காசுக்கும் ஒண்ணுதானே?"

வெள்ளிக் காசு அசையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. வியர்த்துப்போன சென்னிமலை தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். துண்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு காந்தம் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கேயே முடித்திருந்தேன். வேதியியல் வாத்தியாருக்கு இதைவிட நல்ல முடிவு ஏது? ஆனால் ருக்கியாம்மா முடிக்கவில்லை.

"சிரிப்பு சட்டுனு நின்னு போச்சு. தரையில கெடந்த தட்டுல அந்த வெள்ளிக் காசு நகருது. காந்தம் அந்தப் பக்கம் கெடக்கு. காசு போனது குருசாமிண்ணன் நின்ன பக்கம்."

"தரை சரிவாக இருந்திருக்கும்," என்றேன்.

"சரிவு என் பக்கம், மாஷே. காசு மேட்டப் பாத்துல்ல ஏறுச்சு."

முதலில் அலறியவன் சென்னிமலைதானாம். தட்டையும் காந்தத்தையும் விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

5

மறுநாள் காலை கமலாத்தாள் மிச்சமிருந்த மாட்டைக் கறந்து, குருசாமியின் முன் ஒரு டம்ளர் பாலை வைத்தாள். பால் வாங்கப் போயிருந்த ருக்கியா பார்த்தாள்.

"குடிங்க, கொழுந்தனாரே."

அவர் தொடவில்லை. ஏடு படிந்தது. அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பாலைக் கமலாத்தாள் குடித்தாள். அடுத்த நாளும் அப்படியே. எட்டு நாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவரும் குடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் வண்டிப்பெரியாரில் எஸ்டேட் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை.

அவர்தான் விஷம் வைத்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். இளஞ்சோளப் பயிரைத் தின்றாலும் மாடு நுரை தள்ளிச் சாகும். யாருமே விஷம் வைக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன்.

"பாலில் விஷமில்லை என்று தெரிகிறதே, அப்புறம் ஏன் குடிக்கவில்லை?" என்று ருக்கியாம்மாவிடம் கேட்டேன்.

"அவரு பாலப் பாக்கவே இல்ல, மாஷே. அவ குடிக்கறப்ப, அவளுக்குப் பின்னால நின்ன எதையோ பாத்துக்கிட்டிருந்தாரு."

"அங்கே யார் நின்றார்கள்?"

ருக்கியாம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அதை எழுதப் போவதில்லை. அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.