பூட்டுக்கல் இருந்த இடம்

இளவேனில் என்ற சொல் செவியில் விழுந்த அளவிலேயே தென்றலையும் தளிரையும் எண்ணி முகம் மலர்வோர் தாழ்நிலத்தில் பிறந்தோர். மலைமடியில் பிறந்தோர்க்கு அப்பருவம் விருந்தாக வருவதன்று. கதவை உதைத்துக்கொண்டு உட்புகும் பகையாகவே வருவது. நூல்நயம் அறிந்த பெரியீர், ஐந்து திங்களாக வெண்பனியின் அடியில் மூச்சடக்கிக் கிடந்த அம்மலையைக் கதிரெழுந்து இரண்டு நாழிகை கடந்த இவ்வேளையில் சற்றே நோக்குங்கள்: முகட்டில் பனிப்பாளங்கள் முழங்கிப் பிளக்கின்றன, பிளந்தவை உருகி, உருகியவை ஓடையாகி, தளை அறுத்த காளைகளைப் போல் சரிவெங்கும் முட்டி மோதி இறங்குகின்றன, ஊசியிலை மரங்கள் தம் தோளில் கிடந்த வெண்சுமையை வழியே போவார் தலைமீது உதறிவிட்டு, ஏதும் அறியாதவைபோல் நிமிர்ந்து நிற்கின்றன, நேற்றுவரை இறுகியிருந்த பாறைகள் இன்று பல்லாடும் கிழவரைப்போல் ஆடுகின்றன, முதன்முதல் அரும்பிய மஞ்சட்பூவும் கத்திமுனையைப்போல் பனியைக் குத்திக் கிழித்துக்கொண்டன்றோ வெளிவருகிறது! அச்சரிவில், கல்லாலும் மரத்தாலும் சமைத்த நாற்பது வீடுகள், விழுந்துவிடுவோமோ என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. பற்றிக்கொண்டு நிற்பதால் அவற்றினிடையே அன்பு உண்டென்று எண்ணிவிடாதீர்கள்.

அவ்வூரின் தலைமாட்டில் ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. உருகிய பனியெல்லாம் திரண்டு சேரும் அதன் வாயைக் கல்லும் களிமண்ணும் பாசியும் ஆட்டுமயிரும் குழைத்துக் கட்டிய கரையொன்று அடைத்து நின்றது. கார்காலத்தின் கடைநாளில் அடைப்பதும் இளவேனிலின் முதற் கிழமையில் திறப்பதும் ஒரே வீட்டாரின் வழிவழி வந்த வேலை. அடைப்பின் வயிற்றுள் முழங்கை நீளக் கல்லொன்றைக் குறுக்கே செருகி, அதன்மேல் களிமண்ணை மெழுகி மறைத்துவிடுவர். பூட்டுக்கல் என்று அதற்குப் பெயர். அதனை உருவினால் களிமண் தானே கரைந்து, நீர் அளவோடு வாய்க்காலில் இறங்கி, படிப்படியாய் அமைந்த வயல்களுக்கு ஊட்டி, அடியில் உள்ள மாவாலையின் உருளையையும் சுழற்றும். இடம் தவறிக் கடப்பாரை இறங்கினாலோ கரையே பெயர்ந்து, கீழுள்ள கொட்டகையையும் விதைப்பாத்தியையும் வாரிக்கொண்டு போகும். மறைத்த கைக்கன்றி மற்றெந்தக் கண்ணுக்கும் அக்கல் தெரியாது.

இவ்வாண்டு அதனை உருவ வேண்டியவர் பனிக்காலத்தின் நட்டநடுவில் கண்மூடிவிட்டார். மடைக்காரர் என்று ஊரெல்லாம் தொழுது அழைத்த அவர்க்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர். ஒரு மனைவியும் இருந்தாள். மகன் தச்சன், மகள் ஊரின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்டுத் தறியில் அமர்ந்தவள். மனைவியோ, சொல்லைச் செலவிடுவதில் மிகு சிக்கனம் உடையவள் ஆதலின், ஊமைச்சி என்னும் பெயர் பெற்றவள். அவ்வூமைச்சிதான் அன்று கரையினின்றும் விலகி ஒரு பாறைமேல் அமர்ந்து, போர்வைக்குள் கைகளைப் புதைத்தவாறு, தான் பெற்றவை இரண்டும் தம்முள் பொருதுவதைப் பார்த்திருந்தாள்.

"கரும்பாறைக்கு அடியிலதான். எனக்கு எட்டு வயசு. அப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. இந்தக் கண்ணால பாத்தேன்," என்றான் தச்சன், கடப்பாரையை ஊன்றியவாறு.

"உன் கண்ணு அன்னிக்கும் பாதி தூக்கத்துலதான் இருந்திருக்கும்," என்றாள் தங்கை. "கரையோரத்து மரவேர்ப் பக்கம்ணா! எனக்குப் பத்து வயசு. நான் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உருவினதும் என் பாவாடை முழுக்கத் தெறிச்சுது. அப்பா அப்படிச் சிரிச்சாரு."

"அப்பா சிரிச்சாராம்! அவர் சிரிச்சு யார் பார்த்தா?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்குச் சிரிப்பு வரும்? எங்கிட்ட சிரிப்பாரு."

"அதான் அவர் படுத்துக் கிடந்தப்ப ஓடி ஓடி வந்தியோ? கண்ணு மூடுறதுக்கு முந்தின நாள் வந்து நின்னவதானே நீ!"

"பாதையில இடுப்பளவு பனி! பறந்தா வருவாங்க? நீ மட்டும் என்ன, உயிரோட இருக்கும்போதே அளவெடுத்துப் பெட்டி செஞ்சு வெச்சவன்!"

அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்ற ஆலைக்காரர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் போய் நீந்தக் கத்துக்கிட்டு வந்துடறேன். தண்ணி விளிம்புக்கு மூணு விரல் கீழ நிக்குது. இன்னிக்கு உச்சி வெயில் அடிச்சா கரை தாங்காது."

ஊமைச்சியின் உள்ளம் கொதிநீர்க் கலம்போல் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏனெனில், அக்கல் கரும்பாறையின் அடியிலும் இல்லை, வேரின் அருகிலும் இல்லை என்பதை அறிந்த ஒரே உயிர் அவள்.

இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன்னர், ஒரு கடும்பனி நாளில், மடைக்காரரின் வலக்கை விரல்கள் மூன்று கருகி உதிர்ந்தன. எஞ்சிய இரண்டு விரல்களால் கடப்பாரையைப் பற்ற இயன்றதே அன்றி, நீரின் அடியில் கண் காணாத இடத்தில் கல்லைத் திருப்பிச் செருக இயலவில்லை. அவ்வாண்டின் கார்காலத்தில், பொழுது புலரும் முன்பனி மூட்டத்தில், கரைமேல் அமர்ந்து அவளுடைய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கூறியது இதுவே: "யாருக்கும் தெரிய வேணாம். மடைக்காரன்ற பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம்." அவளும் தலையசைத்தாள். அன்றுமுதல் அடைத்தவள் அவள். திறப்புக்கு முந்திய நாளே களிமண்ணை இளக்கி, கல்லின் முனை தெரியுமாறு செய்துவைத்தவளும் அவள். ஊரார் தொலைவில் நிற்க, கையை நீட்டி உருவியவர் அவர். கரைமேல் ஆட்கள் ஏறலாகாது, பிள்ளைகளும் வாழ்நாளில் ஒருமுறைதான் அருகில் வரலாம் என்று அவ்வீட்டில் ஒரு கட்டளை பிறந்ததும் அப்பொய்யைக் காப்பதற்கே. ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் கல்லைச் செருகினால் அவ்விடத்தைப் பனி கடித்துப் பிளந்துவிடும் என்று தன் கைவழியே கண்டறிந்து, ஆண்டுதோறும் இடத்தை மாற்றியதும் அவளே. மகன் கண்டது ஓர் ஆண்டின் இடம். மகள் கண்டது மற்றோர் ஆண்டின் இடம். இரண்டும் மெய்; இவ்வாண்டுக்கு இரண்டுமே பொய்.

சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னாள். மூன்று நாளைக்கு முன்னர், அடுப்படியில், "ரெண்டு இடத்துலயும் இல்ல," என்று ஒருமுறை சொன்னாள். "நீ அடுப்பைப் பாரும்மா, இது அப்பா விஷயம்," என்றான் மகன், திரும்பியும் பாராமல். அப்பா என்பது அவ்வீட்டில் இப்பொழுது ஒரு கோயில் ஆகியிருந்தது. அவர் படுத்திருந்த அறையை நினைவுக்காக அப்படியே விட்டுவைக்க வேண்டுமென்று கூறி, அவர் தொப்பியை ஆணியில் மாட்டி, அதே அறையில் முப்பத்தோராண்டு உறங்கியவளின் பாயை வைக்கோல் அடுக்கிய உள்ளறைக்கு மாற்றியிருந்தான் மகன். அவருடைய மேலங்கியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் முகத்தில் ஒற்றி ஒற்றி அழுதாள் மகள். தாயின் தோளில் ஒரு துணி மிச்சமுண்டா என்று கேட்டாளில்லை. இவற்றையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுக்க மாட்டாதது ஒன்றே. உயிர் பிரியும் வேளையில் மடைக்காரர் பிள்ளைகள் இருவரையும் அருகழைத்து, "மடையைப் பாத்துக்கோங்க," என்றார். வெந்நீர்க் கலத்துடன் கால்மாட்டில் நின்றவளை அவர் கண்கள் தொடவே இல்லை. ஒரு பார்வை போதும், ஒரு பார்வை. அதையும் தராமல் போனார்.

'கேட்கட்டும்,' என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டாள். 'அம்மா, உனக்குத் தெரியுமா என்று இரண்டில் ஒன்று வாய் திறந்து கேட்கட்டும்.'

கேட்பார் இல்லை. தங்கையின் எள்ளல் எல்லை கடக்கவே, தச்சன் சினம் தலைக்கேறி, கரும்பாறையின் அடியில் கடப்பாரையை ஓங்கி இறக்கினான். ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை, கரையின் உள்ளிருந்து, நோயுற்ற பசு இரவெல்லாம் கதறி ஓய்ந்த பின் விடும் முனகல்போல் ஓர் ஓசை எழுந்தது. கலங்கல் நீர் மனிதக் கை பருமனில் பீறிட்டுப் பாய்ந்தது. முதற் படிவயலின் கல்வேலி பத்தடி அளவுக்குச் சரிந்தது.

"கொட்டகையில யாரு?" என்று அலறினார் ஆலைக்காரர்.

தச்சனின் முகம் வெளுத்தது. "என் பொண்டாட்டி... பால் கறக்கப் போனா..." என்றவன் இரு கைகளையும் பீறிடும் நீர்வாயில் வைத்து அழுத்தினான், நீர் அவன் மார்பில் அறைந்து அவனை மல்லாத்தியது.

ஊமைச்சி எழுந்தாள். போர்வை பாறைமேல் விழுந்தது. பனித்துண்டுகள் மிதக்கும் தேக்கத்துள் மார்பளவுக்கு இறங்கி, கரையின் நடுவயிற்றில், தட்டைக்கல் ஒன்றின் கீழே, தோள்வரைக்கும் கையைச் செலுத்தினாள். குளிர் எலும்பைக் கடித்தது. விரல்களோ ஈன்ற ஆட்டின் வயிற்றைத் தடவும் இடைச்சியின் விரல்களைப்போல் ஐயமின்றி வழியறிந்து சென்றன. பற்றினாள், திருகினாள், உருவினாள். கரையின் நடுவில் ஒரு வாய் திறந்து, நீர் வாய்க்காலை நோக்கி அடக்கமாய், பழகிய மாட்டைப்போல் நடந்தது. தேக்கம் தாழத் தாழப் பீறிட்ட ஓட்டையும் மெல்ல அடங்கி ஒழுகலாயிற்று. கீழே கொட்டகை வாயிலில் மருமகள் பாற்குடத்துடன் வந்து நின்று, நடந்தது யாதென அறியாமல், "ஏன் எல்லாரும் கத்தறீங்க?" என்றாள்.

கரையேறியவள்மீது போர்வையைப் போர்த்தியவர் ஆலைக்காரர். பெற்ற பிள்ளைகள் இருவரும் அவளையும் அவள் கையில் இருந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தனர்.

"அப்பா உங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரா?" என்றாள் மகள். அவள் குரலில் நடுக்கம் இருந்தது. அது தாய்க்காக அன்று.

"சொல்லல."

"பின்ன எப்படித் தெரியும்?"

"அவருக்கே தெரியாதே, எங்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? அடைச்சது நான்." பற்கள் கிட்டிக்க, முப்பதாண்டுச் சொற்களை ஒருசேரச் செலவிட்டாள் ஊமைச்சி. "விரல் போனதுலேருந்து நான்தான் அடைக்கறேன். வருஷா வருஷம் இடத்தை மாத்துவேன். நீ பாத்தது கரும்பாறைகிட்ட, நெசம். இவ பாத்தது வேர்கிட்ட, அதுவும் நெசம். உங்கப்பா இழுத்தாரு. அவ்வளவுதான் அவர் செஞ்சது."



"செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார்னு தைரியமா?" என்றாள் மகள். "அவர் பேரைக்கூட விட்டுவைக்க மாட்டியா நீ?"

"அவ கிடக்கட்டும்மா," என்றான் மகன் தாயிடம். அவன் குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த குரலே வெட்டும் குரல். "நீ சொல்றது நெசம்னே வெச்சுக்கறேன். அப்ப மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டேதான் இந்தப் பாறைமேல உக்காந்திருந்தியா? நான் பாறையை இடிக்கறப்பவும் பாத்துக்கிட்டே இருந்தியா? கீழ அவ இருந்தாளே!"

"சொன்னேன். அடுப்பைப் பாருன்னே."

"ஒரு தடவை சொன்னே! கத்தியிருக்கணும்! என் கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும்!"

இருபத்திரண்டு ஆண்டுக் கணக்கில் எல்லாம் அவள் பக்கமே நின்றது. அன்று காலையின் ஒரு நாழிகை மட்டும் அவளுக்கு எதிராய் நின்றது. அந்த ஒரு நாழிகையை அவள் மகன் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டான், இனி விடமாட்டான்.

"வா, போகலாம்," என்று தங்கையை அழைத்தான். நீர் அரித்த வழுக்கலில் அவள் கால் இடற, அண்ணன் கையை நீட்டினான், தங்கை பற்றினாள். "நெத்தியெல்லாம் சேறுண்ணா, இரு," என்று நின்று, தன் முன்றானையால் துடைத்தும் விட்டாள். தந்தையை அடக்கம் செய்த நாள்தொட்டு ஒருவர் நிழலை ஒருவர் மிதியாதிருந்த அவ்விருவரும், அம்மாவுக்கு நெஞ்சே கல்லென்று மாறி மாறிக் கூறிக்கொண்டு, கைகோத்து இறங்கிச் சென்றனர். அவர்கள் இணைய வேண்டுமென்று பனிக்காலம் முழுதும் வைக்கோல் அறையில் கிடந்து வேண்டியவள் அவள்தான். வேண்டியது கிடைத்தது.

ஆலைக்காரர் மட்டும் எஞ்சினார். "நான் நம்பறேன்க்கா," என்றார். "மடைக்கார அண்ணன் கையை நான் பாத்திருக்கேன். அந்தக் கையால சோத்தைப் பிசையவே முடியாது. எனக்கு அப்பவே சந்தேகம்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லல. நான் எப்படிச் சொல்றது? நல்லவேளை, என் ஆலை சுத்துச்சு, வாயை மூடிக்கிட்டேன்."

அவள் அவரைச் சுட்டெரிப்பதுபோல் நோக்கினாள். பின்பு ஈரத்தலையைப் பிழிந்து முடிந்தாள். "கார்காலத்துல மறுபடி அடைக்கணும்ல. நட்ட நடுப்பகல்ல வந்து அடைக்கறேன். ஊரைக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க. கரைமேல ஏறி நின்னே பாக்கட்டும்."

"பாப்பாங்க. பாத்துட்டு, 'அண்ணன் எப்படிக் கத்துக்கொடுத்திருக்காரு பாரு'ன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அப்பவும் பாக்கணும்."

பெரியீர், நீர் படிவயல்களில் ஒவ்வொன்றாய் இறங்கியது. சரிந்த வேலியின் கற்களைச் சுற்றிக்கொண்டு வாற்கோதுமைப் பாத்திகளைத் தொட்டது. ஆலையின் உருளை முனகித் திரும்பியது. தன்னை விடுத்த கை எது, தன்னைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட கை எது என்று நீர் கேட்பதில்லை, பசுமையும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவர் மாந்தர் மட்டுமே. அவர்களோ கேட்க வேண்டிய பொழுதில் கேளாமல், கேளாத குற்றத்தைச் சொல்லாதவர்மேல் ஏற்றி, இறந்தவரின் நிழலில் குளிர் காய்வர். சொல்லாமல் காத்தவளுக்கோ அந்நிழலிலும் இடமில்லை. அன்று மலை முழுதும் பூத்தது. அவள் ஈரச்சேலையோடு, எவரும் துணை வாராத வழியில், ஒவ்வொரு கல்லையும் காலால் தட்டிப் பார்த்து மிதித்து, தன் இளவேனிலுக்குள் தானே இறங்கிச் சென்றாள்.