புச்கியின் இரண்டு எண்கள்

2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது, நான்கு நாள் மழை இளைத்துத் தூறலாகிவிட்டது, ஆகவே அந்த இரு குழந்தைகளும் இரட்டையராக இருக்க வழியில்லை... நாள், நேரம், வானிலை மூன்றையும் தலைப்பில் எழுதாமல் எந்தக் குறிப்பையும் தொடங்கிப் பழகாத ஆய்வாளர் மாஹ்முதா கானத்துக்கு எண்ணங்கள்கூடத் தலைப்போடுதான் வரும், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம், டிசம்பர் கடைசியில் ஓய்வு பெற்றபின் அவை தலைப்பில்லாமல் வருமோ, வராமலே போய்விடுமோ. ரிக்‌ஷாவின் பிளாஸ்டிக் திரையை முழங்கால்கள்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கோகினூர், மிர்பூரின் இந்தச் சந்துகளில் வீடுவீடாக ஏறி இறங்கி ஆய்வுகளுக்குக் குழந்தைகளைச் சேர்ப்பவள், பத்தொன்பது ஆண்டுகளாக. இரட்டையா என்று நேற்றுக் கேட்டதற்கே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, அக்கா என்று அழைக்கும் அந்த 'ஆபா'விலும் சூடு இருந்தது. "இந்தச் சந்துல எந்த வயித்துல எத்தனைன்னு எனக்குத் தெரியாதா ஆபா? போன வருஷக் குளிர்ல பதினேழு பிறந்துச்சு. ஒண்ணுகூட இரட்டை இல்ல." அப்படியானால் 118ஆம் எண்ணும் 407ஆம் எண்ணும் யார்? இரண்டும் பெண், இரண்டும் 2018 பிப்ரவரி மூன்றாம் தேதி பிறந்தவை, இரண்டின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் அளவு ஆயிரத்து இருநூற்று எண்பது. மற்றக் குழந்தைகளுக்கு நாற்பது, எண்பது, மிஞ்சினால் நூற்றறுபது. ஆயிரத்து இருநூற்று எண்பதை அவள் குளிர்நாட்டுக் குழந்தைகளின் அட்டவணைகளில் பார்த்திருக்கிறாள், மிர்பூரில் பார்த்ததில்லை.

அதுதானே பன்னிரண்டு ஆண்டுக் கேள்வி. வயிற்றுப்போக்குக்கான அதே சொட்டு மருந்து, அதே குப்பி, அதே குளிர்பெட்டி, அங்கே பிள்ளைகளின் உடல் அதைப் படித்துப் பாடமாக்கிக்கொள்கிறது, இங்கே பாதிக் குழந்தைகளின் உடல் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. ஏன்? தாய்ப்பாலா, குடலில் முன்பே குடியேறிய கிருமிகளா, பசியா... மருந்தின் செய்முறையை மாற்றி, அறுநூற்று நாற்பது குழந்தைகளைச் சேர்த்து, ஆறாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலுமாக ஆளுக்கு இரு முறை கொடுத்து, பாதிப்பேருக்குப் புதிய மருந்து, பாதிப்பேருக்கு வெறும் இனிப்புநீர், யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைக்குள். பட்டியல் சரியாக இருக்கிறது என்று இன்று நண்பகல் பன்னிரண்டுக்குள் அவள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பிற்பகலில் உறை திறக்கப்படும், விடை தெரிந்துவிடும், அவள் கையாலேயே. பிழை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அறுநூற்று நாற்பது வீட்டுக் கதவுகளையும் மறுபடி தட்ட வேண்டும், ஆறேழு மாதம், உறையைத் திறப்பது வேறொருவராக இருப்பார். வாக்கியத்தின் இரு பகுதிகளும் இலக்கணப்படி சரி. எதை முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதுவது என்பதுதான் கேள்வி.

ரிக்‌ஷா ஏழாம் சந்தின் முனையில் நின்றுவிட்டது, அதற்கப்பால் தண்ணீர் கணுக்கால் உயரம். புடவையைத் தூக்கிப் பிடித்து நடக்கையில், மனம் இவ்வளவு இலேசாக இருக்கக் கூடாதே என்று தன்னையே ஒருமுறை கண்டித்துக்கொண்டாள், ஆனால் மழைநாளில் வீட்டுக்கு வீடு கிச்சுரி கொதிக்கிற மணத்தில், வறுத்த பயறும் இஞ்சியும் ஈரத்தகரமுமாக, எப்படிக் கவலைப்படுவது, காலை உணவையும் தவிர்த்தாயிற்று. 407ஆம் எண்ணுக்குரிய முகவரி மர்ஜினா என்பவளின் அறை. அவள் பொது அடுப்பின் முன் குந்தியிருந்தாள், அவளுடைய முதுகில் சாய்ந்தபடி ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, கையில் உரிக்காத வெங்காயம், வேறு விளையாட்டுப் பொருள் உலகத்தில் தேவையில்லை என்ற பாவனை. கோகினூர் தரையில் உட்காருவதற்குள் பேச்சைத் தொடங்கிவிட்டாள், "ஏய் மர்ஜினா, உன் பொண்ணா இது? என்னடி இப்படி உருண்டு கிடக்கா?" "என் பொண்ணு இல்ல ஆபா, அக்கா பொண்ணு. அக்கா தையல் ஃபாக்டரிக்குப் போயிடுவா. பகல்ல எனக்குப் பிள்ளை, ராத்திரி அவளுக்குப் பிள்ளை. கண்ணு போடாதீங்க, இந்தச் சந்துல வயித்தால போகாத ஒரே பிள்ளை எங்க புச்கிதான்."

புச்கி. பொடிசு என்று அர்த்தம், ஆய்வு அட்டையிலும் அதுதான், 407, புச்கி. மாஹ்முதா வெங்காயத்தைக் கேட்பதுபோல் கை நீட்டினாள், புச்கி வெங்காயத்தைக் கொடுக்கவில்லை, விரலைப் பிடித்துக் கடித்தாள், நான்கு முன்பற்களும் கூர்மையாக இருந்தன, கால்சியம் குறைவில்லை. அக்கா எங்கே குடியிருக்கிறாள்? பின்னால் எட்டாம் சந்தில். எட்டாம் சந்து... 118ஆம் எண் எட்டாம் சந்துதான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம், கேட்காத கேள்வி எந்தக் குறிப்பேட்டிலும் பதிவதில்லை, என்று ஓர் எண்ணம் வந்தது. வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதைக் கடந்துபோக மூன்று நொடி ஆகியிருக்கலாம், பிறகு கேட்டாள், "இவளோட நல்ல பேர் என்ன?"

"நல்ல பேரா?" மர்ஜினா கரண்டியை நிறுத்தினாள். "அக்கா ஏதோ வெச்சா ஆபா... நீளமா வரும். பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதுதானே அது வேணும், இப்ப எதுக்கு?" பிறகு தானே எழுந்து போய், கால்வாயைத் தாண்டி, அக்காவின் அறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள், பிறப்புச் சீட்டு, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, அவற்றின் அடியில் ஆய்வின் மஞ்சள் அட்டை. 118, தஹ்மினா அக்தர். "அட, இதுவும் உங்க அட்டைதான்!" என்று அவள் சிரித்தாள். "அக்கா வெள்ளிக்கிழமை லீவுல தூக்கிட்டுப் போயிருக்கா. நான் திங்கக்கிழமை தூக்கிட்டுப் போனேன். ரத்தமும் ரெண்டு தடவை எடுத்தீங்க, பாவம், அழுது தீர்த்துட்டா. அக்கா வீட்டுலயும் உங்க ஆளுங்க வந்தாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பேர் எழுத வந்த உங்க பொண்ணுகிட்ட சொன்னேன் ஆபா, நிஜமா சொன்னேன். அவ, 'குழந்தை பேரு என்ன, அதை மட்டும் சொல்லு'ன்னா. சொன்னேன்." கோகினூர் மஞ்சள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் கோகினூர் திரையைப் பார்த்தபடியே, "என் பேரைத்தான் எழுதுவாங்க, இல்ல ஆபா? ரெண்டு சந்துக்கும் ரெண்டு பொண்ணுங்களை அனுப்புனது நான்தானே," என்றாள். "வாயை மூடு, நான் யோசிக்கணும்," என்றாள் மாஹ்முதா, ஆனால் யோசிக்க என்ன இருந்தது, இரு பெண்களும் பொய் எழுதவில்லை, கோகினூர் பொய் எழுதவில்லை, மர்ஜினாவும் பொய் சொல்லவில்லை, கேட்ட பெயரைச் சொன்னாள், அந்தக் குழந்தையை எல்லாரும் கூப்பிடும் பெயரை. அந்தப் படிவத்தை எழுதியது யார்? 2017 மழைக்காலத்தில், எட்டுப் பக்கம், ஒவ்வொரு காற்புள்ளியையும் தானே சரிபார்த்து, எந்தச் சொல்லும் இருபொருள் தராதபடி செதுக்கி, முதல் பக்கத்தின் முதல் வரியில், குழந்தையின் பெயர் என்று எழுதி, எதிரே கோடு ஒன்று. ஒரே ஒரு கோடு. தான் படித்த நாட்டின் படிவத்தைப் பார்த்து எழுதியதால் வந்த கோடு, அங்கே மனிதருக்கு ஒரு பெயர்தான். இங்கே நல்ல பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்பது ரிக்‌ஷாக்காரனுக்குத் தெரியும், புச்கிக்கே இன்னும் சில மாதத்தில் தெரிந்துவிடும், தனக்கு மட்டும் தெரியாதா? ராஜ்ஷாஹியிலிருந்து தம்பி போன ஞாயிற்றுக்கிழமைகூடத் தொலைபேசியில், "என்ன பேபி, இன்னும் ரிடையர் ஆகலையா?" என்று கேட்டானே. ஐம்பத்தொன்பது வயதில், குழந்தை நோய்களில் ஆய்வு செய்கிறவளுக்கு, பேபி. அவளுடைய படிவத்தில் அவளையே இரு முறை சேர்த்திருக்கலாம், எந்தத் தணிக்கையும் கண்டுபிடித்திருக்காது. சிரிப்பு வந்தது, வெளியே வந்தும்விட்டது. "என்ன ஆபா?" என்றாள் கோகினூர் கலவரத்தோடு. "ஒண்ணுமில்ல. உன் கூப்பிடும் பேர் என்ன, சொல்லவே இல்லையே?" "...டியா." கிளி. "பொருத்தம்தான்," என்றாள் மாஹ்முதா, கோகினூரும் வேறுவழியின்றிச் சிரித்தாள்.

கண்காணிப்புக் குழுவின் செயலர் தொஃபாயேல் மேசையைத் துடைத்து, ஒரே ஒரு தாளை நடுவில் வைத்துக் காத்திருந்தார், அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் உறை. "பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு ஆபா. பேனா வேணுமா?" அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அறுநூத்தி நாப்பதுல ஒரு குழந்தை ஆபா. எடுத்துட்டா முடிவு இம்மிகூட நகராது." "ஒரு குழந்தைன்னு யார் சொன்னது? எனக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான். எல்லாருக்கும் அதே படிவம்தான் தொஃபாயேல் பாய்." "ஏப்ரலுக்கு முன்னால உறை திறக்க முடியாதே. நீங்க இருக்க மாட்டீங்களே." "தெரியும்." "கொஞ்சம் உட்கார்ந்து யோசிங்க. டீயாவது குடிங்க." "டீ கொடுங்க," என்று உட்கார்ந்தாள், கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், தித்திப்பு சற்று மிகுதி, நன்றாக இருந்தது, பேனாவைத் திறந்தாள்.

118, 407 ஆகிய எண்கள் ஒரே குழந்தையைக் குறிப்பன, இரண்டும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. எல்லா வீடுகளிலும் நல்ல பெயர், கூப்பிடும் பெயர் இரண்டும் கேட்டுச் சரிபார்க்கும்வரை உறை திறக்கப்படக் கூடாது. பிழை படிவத்தினுடையது, படிவம் என்னுடையது, களப்பணியாளர் எவர்மீதும் தவறில்லை. மறுபடி படித்தாள், 'பிழை படிவத்தினுடையது' என்பதில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்த்தாள், மிகவில்லை, மாஹ்முதா கானம் என்று கையெழுத்திட்டாள். வலிக்கும் என்று எதிர்பார்த்த இடம் வலிக்கவில்லை, பல் எடுத்தபின் நாக்கு தேடிப்போகும் இடம்போல் காலியாக, சுத்தமாக இருந்தது. தொஃபாயேல் கை நீட்டினார். தாளைக் கொடுக்கும்போது, இரு விரலுக்கு நடுவில் அது இன்னும் இருக்கும்போது, மர்ஜினாவின் குரல், வயித்தால போகாத ஒரே பிள்ளை... வெள்ளிக்கிழமை இரு முறை, திங்கட்கிழமை இரு முறை. உறைக்குள் இரு எண்களுக்கும் மருந்து என்று இருந்தால் அந்தக் குழந்தை இரண்டல்ல, நான்கு முறை குடித்திருக்கிறாள், மிர்பூரில் வேறெந்தக் குழந்தையும் குடிக்காத அளவு, அதனால்தான் அந்த ஆயிரத்து இருநூற்று எண்பதா? காதிலேயே போட்டுக்கொள்வதில்லை என்று பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த உடல்களைக் குறை சொன்னோமே, இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தோமா? அல்லது அதெல்லாம் ஒன்றுமில்லை, இரண்டும் இனிப்புநீராகவும் இருக்கலாம், புச்கி புச்கியாக இருப்பதுதான் காரணமாகவும் இருக்கலாம், ஒரே ஒரு குழந்தை, பட்டியலிலிருந்து தான் இப்போதுதான் நீக்கிய ஒரே ஒரு குழந்தை...

"ஆபா, தாளை விடுங்க," என்றார் தொஃபாயேல். விட்டாள். 2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஐம்பத்தெட்டு, மழை மறுபடி வலுத்துவிட்டது, ஆகவே...